தீட்டும் கத்தியும் மாற்றும் அலகும்

அறபு மொழியில் சவரக்கத்திக்கு 'மூஸா' என்று பெயர். நபி மூஸா (அலை) அவர்களின் திருப்பெயரோடு ஒலியால் ஒன்றுபட்டாலும் இச்சொல் வேறு. தலையை மழித்தான் என்னும் பொருளுடைய 'அவ்ஸா' என்ற வினையிலிருந்து இது பிறந்தது என்பர் அகராதியாசிரியர் சிலர். வேறு சிலர் வேறு வேர் காட்டுவர். ஆண்பாலா, பெண்பாலா என்பதிலும் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை அவர்களிடமே விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொண்டது மற்றொரு வழக்கு. மடக்குக்கத்தியால் தாமே சவரம் செய்யப் பழக வேண்டும் என்ற ஆர்வம் இன்று இளைஞர் சிலரிடம் மீண்டும் தோன்றியிருக்கிறது. புதிதாகப் பழகுபவர் தீட்டிப் பயன்படுத்தும் பழைய கத்தியை வாங்குவதா? அலகை மாற்றிக்கொள்ளும் கத்தியை வாங்குவதா?

தாடி வைத்திருப்பவருக்கு இக்கேள்வி எதற்கு என்று எண்ண வேண்டாம். அகீகாவில் குழந்தையின் தலையை மழிப்பது முதல் ஹஜ்ஜில் தலைமுடி களைவது வரை, கத்தியின் தொடர்பு நம் வீடுகளில் அறுந்ததே இல்லை.

தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. கைப்பிடிக்குள் மடங்கும், திறந்தால் நீளும். பழைய கத்தியில் உருக்கின் உடம்பே கூராகும். அது மழுங்கினால் தோல்வாரில் தீட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கல்லில் தேய்க்க வேண்டும். மற்றதோ வெறும் பிடி. கடையில் விற்கும் பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை அதில் செருகிக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறோம்.

தீட்டுதல் ஒரு காலத்தில் சந்தை அதிகாரியின் கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் வாழ்ந்த ஷாம் நாட்டு அறிஞர் அஷ்ஷைஸரீ, சந்தைகளை மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்காக ஒரு கைநூல் எழுதினார். ஹம்மாம் என்னும் குளியலகங்களைப் பற்றிய பகுதியில் நாவிதரையும் அவர் விடவில்லை. நாவிதர் கை இலேசானவராக இருக்க வேண்டும்; தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும்; அவருடைய கத்தி நன்கு வெட்ட வேண்டும்; வெங்காயம், பூண்டு போன்று வாய் நாறச் செய்பவற்றை அவர் உண்ணலாகாது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மழுங்கிய கத்தி ஒரு குற்றமாக எண்ணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் ஒருவருக்குப் பயன்பட்ட கத்தியால் அடுத்தவரை மழிப்பதில் உள்ள ஆபத்தை அக்காலத்தில் எந்த நாட்டாரும் அறிந்திருக்கவில்லை.

கத்தியின் உயிர் உருக்கு. இவ்வகையில் தமிழகத்துக்குத் தனிப் பெருமை உண்டு. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், பண்டை நாளில் அங்கு இரும்பும் உருக்கும் ஆக்கிய தொழிலின் அடையாளங்களை வெளிக்கொணர்ந்தன. இந்திய உருக்கால் ஆன வாளை அறபிகள் 'முஹன்னத்' என்றனர். 'ஹிந்த்' என்னும் நாட்டின் பெயரிலிருந்தே அச்சொல் வந்தது. ஐரோப்பியர் அவ்வுருக்கை 'வூட்ஸ்' என்றனர். தமிழின் 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' ஆகிய சொற்களோடு அப்பெயரை அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். இலண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், மெல்லிய கூருக்கு ஏற்றதென இந்த உருக்கைப் பெரிதும் மதித்தார். மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாறு ஆக்கிய உருக்கில் சவரக்கத்திகள் செய்வித்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு.

இனி, பழகுபவரைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் யார் என்று பார்ப்போம். பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெர்ரே, தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூல் ஒன்றை 1769இல் வெளியிட்டார். தச்சரின் இழைப்புளியைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. இழைப்புளியில் உளியின் நுனி மட்டும் வெளியே தெரிவது போல, கத்தியின் கூர் சிறிதளவே வெளிப்படும்படி மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். புதியவரின் கை தவறினாலும் வெட்டு ஆழமாக இறங்காது. ஆயினும் தீட்டும் வேலை அப்படியே இருந்தது. அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் உரிமை பெற்ற காப்புக்கத்தியிலும் அலகை எடுத்து எடுத்துத் தீட்டத்தான் வேண்டியிருந்தது.

தீட்டுவதையே ஒழித்துவிடலாம் என எண்ணியவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனையாளர். எறிந்துவிட்டு மீண்டும் வாங்கும் பொருள் ஒன்றைக் கண்டுபிடி என்று, புட்டி மூடிகளை உருவாக்கிய வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். 1895இல் ஒரு நாள், மழுங்கிய கத்தியோடு நின்றபோது ஜில்லெட்டுக்கு மெல்லிய தகட்டின் நினைப்பு வந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டில் கூர் நிற்காது என்றனர் உருக்கு வல்லுநர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதனைச் செய்து காட்டினார். 1903இல் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளும் மட்டுமே. மறு ஆண்டிலோ 90,000க்கும் மேற்பட்ட கத்திகள் விற்றன. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக ஏறத்தாழ 35 லட்சம் கத்திகள் வாங்கியது. அவற்றோடு ஊர் திரும்பிய வீரர்கள் தோல்வாரைத் தேடவில்லை.

ஆக, மாற்றும் அலகு பிறந்தது சோம்பலுக்கும் வணிகத்துக்கும்தான், நோய்த்தடுப்புக்கு அன்று. அதன் உண்மையான நியாயம் பிற்காலத்திலேயே தெரியவந்தது. ஹெப்படைடிஸ் பி என்னும் ஈரல் நோயின் கிருமி 1960களில் அடையாளம் காணப்பட்டது. ஹெப்படைடிஸ் சி 1989இல். இடையே 1981இல் எய்ட்ஸ் வெளிப்பட்டது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் அதன் கிருமித்தொற்றைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. அச்செய்தி எழுப்பிய அச்சத்தால் சவரக்கடைகளில் தோல்வார் மறையத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் புதிய பாதி பிளேடு வந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. எய்ட்ஸ் கிருமி உடலுக்கு வெளியே நெடுநேரம் நிலைப்பதில்லை. சவரக்கத்தியால் அது பரவுவது அரிதினும் அரிது. ஆனால் ஹெப்படைடிஸ் பி கிருமியோ கண்ணுக்குத் தெரியாத காய்ந்த இரத்தத்திலும் 7 நாட்கள் உயிர்த்திருக்க வல்லது. ஒரு நோய்க்கு அஞ்சிச் செய்த மாற்றம், மக்கள் பொருட்படுத்தாத மற்றொரு நோயைத் தடுத்தது. மினாவில் ஹாஜிகளின் தலைமுடி களைவோர் ஒருமுறை மட்டும் பயன்படும் அலகையே கையாள வேண்டும் என்று சவூதி அரசு வலியுறுத்துவதும் இதனால்தான். ஒரே நாளில் பல லட்சம் தலைகள் மழிக்கப்படும் இடத்தில், சாலையோரத்தில் உரிமமின்றிக் கத்தியோடு நிற்பவரிடம் தலையைக் கொடுப்பது பெரும் பேதைமை.

ஈண்டு ஒன்று சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நம் ஊர்களில் இத்தொழில் செய்தவரை 'ஒஸ்தா' என்றோம். 'உஸ்தாத்' என்ற சொல்லின் திரிபு அது என்பர். அழைத்தது ஆசானின் பெயரால், நடத்தியது அவ்வாறன்று. நம் பிள்ளைகளின் சுன்னத்துக்கு அவருடைய கையை நம்பினோம். திருமண உறவென்று வந்தபோது அதே கையை விலக்கினோம்.

வழக்கின் தீர்ப்புக்கு வருவோம். பழைய கத்தியை வாங்குபவர் இரு கலைகளைக் கற்க வேண்டும்: ஒன்று முகத்தில், மற்றொன்று தோல்வாரில். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு, முதுகு முன்செல்லவும் கூர் பின்தொடரவும் வாரில் இழுக்க வேண்டும். முனையில் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். புதியவர்கள் கூரின்மேல் புரட்டி வாரையும் கிழிப்பர், கூரையும் கெடுப்பர். கடையிலிருந்து வரும் புதுக்கத்தி முகத்துக்கு ஆயத்தமாகவே வரும் என்பதும் உறுதியன்று. ஆனால் நன்றாகத் தீட்டிய கத்தியின் கனமே வேலை செய்யும். அதன் வெட்டு மென்மையானது. மாற்றும் அலகு முதல் இழுப்பிலேயே மிகக் கூரானது. பிடியோ கனமற்றது, அதனால் பழகாத கை தன்னையறியாமல் அழுத்தும், அலகின் மூலைகள் தோலில் குத்தும். தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடித்து, அழுத்தமே இன்றி இழுக்க வேண்டும்.

தீட்டத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் பழைய கத்தியிலேயே தொடங்கலாம். அக்கலை அவரோடு போய்விடாமல் இருக்கும். அப்படி ஒருவர் இல்லாதவர் மாற்றும் அலகை வாங்கிச் சில மாதங்கள் கையை மட்டும் பழக்குவதே தக்கது. கல்லையும் வாரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கத்தி ஒருவருக்கே உரியதாக இருக்கட்டும். தந்தையும் மகனுமாயினும் பகிர வேண்டாம். பிறருக்குச் சவரம் செய்பவருக்கோ தேர்வே இல்லை: தலைக்கு ஓர் அலகு. கழித்த அலகுகளைக் குப்பையில் அப்படியே எறியாமல் மூடியுள்ள தகரடப்பா ஒன்றில் சேர்த்து வையுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவரின் விரல்களும் தோலால் ஆனவையே.