மூளை மரபணு வெளிப்பாட்டு வரைபடம்

மூளை, தண்டுவடம் ஆகிய நரம்புத் திசுக்களில் எந்த மரபணு எவ்விடத்தில் செயல்படுகிறது என்பதைக் காட்டும் தரவுத்தொகுப்பு. உடலின் பெரும்பாலான செல்களில் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், ஆனால் ஒவ்வொரு செல்வகையும் தனக்கு வேண்டிய மரபணுக்களை மட்டுமே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தால் செல்லின் வகையை அறியலாம்.

தொடக்கம்

திசுவைச் சிதைக்காமல், குறிப்பிட்ட மரபணு வரிசையை அது இருக்கும் இடத்திலேயே அடையாளம் காணும் முறையை யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கால், மேரி லூ பார்டியூ இருவரும் 1969இல் வெளியிட்டனர். தேடப்படும் வரிசையோடு இணையக்கூடிய துணை இழை ஒன்றைக் கதிரியக்கத்தால் குறியிட்டு அனுப்புவதே இதன் உத்தி. பின்னர் கதிரியக்கத்துக்கு மாற்றாக நிறமூட்டும் குறியீடுகளும் வந்தன.

ஆலன் தொகுப்பு

மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் அளித்த 10 கோடி டாலரில் 2003இல் சியாட்டிலில் ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் அமைந்தது. 56 நாள் வயதுடைய ஆண் சுண்டெலிகளின் மூளையை 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, கால், பார்டியூ முறையை அங்கு இயந்திரமயமாக்கினர். ஒரு சீவலில் ஒரு மரபணுவையே பார்க்க முடியும் என்பதால், வெவ்வேறு எலிகளின் படங்களை ஒரு பொது முப்பரிமாண மாதிரியில் பொருத்தினர். சுமார் 20,000 மரபணுக்களைக் கொண்ட தொகுப்பு 2006இல் நிறைவுற்றது. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் மூளையில் வெளிப்படுவது தெரிந்தது. 2008இல் தண்டுவடத் தொகுப்பு தொடங்கியது. மனித மூளைக்கு, பல மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை ஒரே நேரத்தில் அளக்கும் நுண்வரிசைச் சில்லுகள் பயன்பட்டன. இரு மூளைகளில் ஏறத்தாழ 900 பகுதிகளை அளந்த முடிவுகள் 2012இல் வெளியாயின.

தனிச்செல் முறை

ஒரு பகுதியை மொத்தமாக அளந்தால் பலவகைச் செல்களின் சராசரியே கிடைக்கும். இக்குறையை நீக்க, செல்களைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே படித்தனர். கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் சுண்டெலி மூளையின் புறணி, ஹிப்போகாம்பஸ் பகுதிகளிலிருந்து 3,005 செல்களை இவ்வாறு ஆராய்ந்தனர். ஆனால் பிரித்தெடுத்த செல் திசுவில் எங்கே இருந்தது என்ற தகவல் இம்முறையில் அழிந்துவிடும்.

இணைப்பு

ஹார்வர்டில் சியாவ்வெய் ஜுவாங் குழு 2015இல் வெளியிட்ட மெர்ஃபிஷ் முறை, ஒளிரும் குறிகளைப் பல சுற்றுகளாகப் படம்பிடித்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை அவற்றின் இடத்திலேயே இனங்காண்கிறது. 2023 டிசம்பரில் ஆலன் நிறுவனத்தார் இதையும் தனிச்செல் முறையையும் சேர்த்து, சுண்டெலி மூளை முழுவதிலும் 5,322 செல் தொகுதிகளை இடம்குறித்தனர். எனினும் ஆர்.என்.ஏ.வின் அளவு புரதத்தின் அளவை அப்படியே காட்டுவதில்லை. திசு எடுக்கப்பட்ட நொடியின் நிலையை மட்டுமே இவ்வரைபடங்கள் பதிவுசெய்கின்றன.