அடையாளம்: இட்டதும் சொன்னதும்

'அடையாளம்' என்ற சொல் இன்று இலக்கியக் கூட்டங்களிலும் அரசியல் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு சமூகம் தான் யாரென்று தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதையே நாம் இப்போது அப்படிக் குறிப்பிடுகிறோம். ஆனால் மாட்டுக்குச் சுட்ட குறியும் சலவைத் துணியில் இட்ட மையும்கூட அடையாளம்தான். ஒன்று நாம் சொல்வது. மற்றது பிறர் இடுவது. மலையக மக்களின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையிலான நீண்ட இழுபறியாகும்.

கொட்டகலையை எடுத்துக்கொள்வோம். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, தேயிலை சூழ்ந்த சிற்றூர். இப்பகுதித் தோட்டங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களிடம் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. போய்ச்சேர வேண்டிய மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. தோட்டத்துக்கு வந்தபின் 'துண்டு'. கங்காணியின் ஆட்கள் பட்டிருந்த கடன் எவ்வளவென்று எழுதிய சீட்டு அது. கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே ஆட்கள் போனார்கள். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதனுக்கு அவன் கடனே அடையாளமாக இருந்தது.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இன்னொரு கோட்டைக் கீறியது. தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு நிரல்களில் எண்ணப்பட்டனர். முஸ்லிம்களும் தப்பவில்லை; 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று அவர்களும் பிரிக்கப்பட்டனர். சேர். பொன். இராமநாதன் 1880களில் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டதும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதியதும் நம் வாசகர் அறிந்தவை. நம்மைப் பற்றிப் பிறர் சொன்னதை மறுத்துப் பேச நமக்கு ஏடும் எழுத்தும் இருந்தன. லயத்தில் இருந்தவனுக்கு அன்று அது இல்லை.

நிரலில் இருந்த 'இந்திய' என்ற அடைமொழி பிறகு சட்டமாயிற்று. 1947 தேர்தலில் கொட்டகலைத் தொகுதி, இலங்கை இந்திய காங்கிரஸின் கே. குமாரவேலுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அக்கட்சியின் எழுவரில் அவர் ஒருவர். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துப் பிறப்புகளுக்குப் பதிவு ஏது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1952 தேர்தலில் மலைநாட்டிலிருந்து காங்கிரஸ் பிரதிநிதி ஒருவர்கூடச் செல்லவில்லை.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. இங்கே 'இந்தியர்' என்று அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் 'சிலோன்காரர்' ஆனார்கள். இங்கேயே தங்கியும் பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு, 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் எட்டாக்கனியாயிற்று. யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் அட்டை இல்லாமல் நின்றவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு கட்டின.

ஆனால் இக்காலம் முழுவதும் மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லுக்கு மாற்றாக, அறுபதுகள் தொட்டு ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் 'மலையகம்' என்ற சொல்லை வளர்த்தெடுத்தனர். தகட்டிலோ சீட்டிலோ சட்டத்திலோ எழுதப்படாத, தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அப்பெயரோடுதான் நடந்தார்கள். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதோடு 'மலையகத் தமிழர்' என்பதும் சேர்ந்தது.

எனினும் 2012இல் சனத்தொகையில் நூற்றுக்கு நான்காக இருந்த இவர்களின் பங்கு, 2024இல் மூன்றுக்கும் கீழே போயிருக்கிறது. பலர் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்வது இதற்கு ஒரு காரணம். அதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? 'இந்திய' என்ற அடைமொழி பாட்டனின் வாக்கைப் பறித்ததைப் பேரன் மறக்கவில்லை. ஆனால் பாடசாலையும் காணியும் பிரதேச செயலகமும் எண்ணிக்கையைப் பார்த்தே வருகின்றன. சொந்தமாகச் சொன்ன பெயரைச் சொந்தக்காரனே பயமின்றி எழுதும் நாளில்தான் அது முழு அடையாளமாகும்.