அவுஷ்விட்ஸுக்குச் செல்லும் மாணவர்கள்

தென் போலந்தின் ஓஷ்வியெஞ்சிம் நகரை 1939இல் கைப்பற்றிய நாஜி ஜெர்மனி, அதனை அவுஷ்விட்ஸ் என்னும் ஜெர்மன் பெயரால் அழைத்து, அடுத்த ஆண்டே அங்கு ஒரு வதைமுகாமை நிறுவியது. 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை அங்கு வந்து சேர்வதற்குள், அம்முகாமில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களுள் சுமார் 10 லட்சம் பேர் யூதர். போலந்து நாடாளுமன்றம் 1947இல் சட்டம் இயற்றி அவ்விடத்தை அருங்காட்சியகமாக்கியது. பின்னாளில் பல நாடுகளின் மாணவர்கள் அங்குச் செல்வது வழக்கமாயிற்று எனினும், அப்பயணத்தின் வடிவத்தை அவரவர் நாட்டின் வரலாற்றுத் தேவையே தீர்மானித்தது.

ஜெர்மானிய இளைஞர்களுக்கு அது கழுவாய், அதாவது இழைத்த பாவத்துக்கு ஈடுசெய்யும் செயல். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களிடையே இந்நோக்கத்துடன் 1958இல் தோன்றிய இயக்கத்தின் வழியே 1960களில் சென்ற குழுவினர், முகாமின் எச்சங்களைப் பேணும் உடலுழைப்பில் ஈடுபட்டனர். பல நாட்டு இளைஞரும் தங்கிப் பயில்வதற்கான சந்திப்பு மையம் ஒன்று 1986இல் அந்நகரிலேயே திறக்கப்பட்டது.

இஸ்ரேலியருக்கோ அது தம் முன்னோர் மாண்ட இடம். 1967 அரபு-இஸ்ரேல் போரையடுத்து முறிந்த இஸ்ரேல்-போலந்து உறவு 1980களில் சீரடையத் தொடங்கியபின், 1988இல் இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் பள்ளி மாணவர் குழுக்களைப் போலந்துக்கு அனுப்பலாயிற்று. அவுஷ்விட்ஸின் முதன்மை முகாமிலிருந்து அதன் இரண்டாம் முகாமான பிர்கெனாவ்வரை சுமார் 3 கிலோமீட்டர் நடக்கும் ‘வாழ்வோர் நடை’யும் அதே ஆண்டில் தொடங்கியது. 1945 ஜனவரியில் ஏறத்தாழ 56,000 கைதிகள் கடுங்குளிரில் விரட்டிச் செல்லப்பட்ட ‘மரண நடை’க்கு எதிர்ச்சொல்லாகவே அப்பெயர் அமைந்தது. மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது, ஆயுதமேந்திய இஸ்ரேலியக் காவலர்கள் உடன்வரலாமா என்னும் பூசல்களால் 2022இல் நின்றுபோன பள்ளிப் பயணங்கள், 2023இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்னரே தொடர்ந்தன.

பிரிட்டனில் 1999 முதல் நடந்துவரும் திட்டம் வேறு வகையினது. பள்ளிக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் மேனிலை மாணவர்கள், முதலில் கருத்தரங்கில் பயின்று, ஒரே நாளில் விமானத்தில் சென்று திரும்பி, மீண்டும் கூடி விவாதித்து, அறிந்ததைத் தத்தம் பள்ளியில் எடுத்துரைக்கின்றனர். முகாமைக் காணுமுன் அவர்கள் ஓஷ்வியெஞ்சிம் நகரைக் காண்கின்றனர். போருக்கு முன் அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர் என்பதை அறிந்த பின்னரே, அழிந்தது எண்ணிக்கை மட்டுமன்று, கடைத்தெருவும் வழிபாட்டிடமும் கொண்ட ஒரு வாழ்வு என்பது புலப்படும்.

இம்மூன்றனுள் பயணத்தைப் பாடத்தின் ஒரு பகுதியாக மட்டும் கொள்ளும் முறையே காலத்துக்கு ஈடுகொடுக்கத் தக்கது; ஏனெனில் நேரில் கண்டதைச் சொல்லக்கூடியோர் குறைந்துவருகின்றனர். முகாம் விடுவிக்கப்பட்ட 75ஆம் ஆண்டு நிகழ்வுக்கு, உயிர் தப்பியோருள் 200க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். 2025இல் 80ஆம் ஆண்டு நிகழ்வுக்கு வந்தோர் சுமார் 50 பேரே.