அரைத்தூக்கத்தில் ஒரு காவல்காரன்

உங்கள் உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். நோய் எதிர்ப்புச் சக்தி என்று பெயர். கிருமி நுழைந்தால் தடியோடு பாய்வான். அவனிடம் ஒரே ஒரு குறை. புது முகமென்றால் திருடனா, ஒத்தாசைக்கு வந்தவனா என்று விசாரிக்கிற பழக்கமே கிடையாது. போட்டுச் சாத்திவிடுவான். அடுத்தவர் சிறுநீரகத்தை உங்களுக்குப் பொருத்தினால் அதற்கும் இதே கதிதான்.

1954, டிசம்பர் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரி. ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, ரிச்சர்ட் ஹெரிக்குக்குப் பொருத்தினார் டாக்டர் ஜோசப் முர்ரே. ஜம்மென்று வேலை செய்தது! ரிச்சர்ட் மேலும் எட்டு வருஷம் வாழ்ந்தார். காரணம், இருவரும் அச்சு அசலான இரட்டையர்கள். 'அட, நம்ம வீட்டுச் சாமான்!' என்று காவல்காரன் விட்டுவிட்டான்.

சரி, இரட்டைச் சகோதரன் இல்லாதவன் என்ன செய்வான்? காவல்காரனையே காலி பண்ணிவிட்டால் போச்சு என்று 1958-ல் உடம்பு முழுக்க எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பிரிகாமில் அப்படிச் சிகிச்சை பெற்ற 12 பேரில் நெடுநாள் பிழைத்தவர் ஒரே ஒருவர். காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் புகலாம் இல்லையா?

அடுத்து மாத்திரை. ரத்தப் புற்றுநோய்க்காக கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து ஒன்றின் தம்பி, அசதயோப்ரின். அதை ராய் கால்ன் என்ற ஆங்கிலேய டாக்டர் நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். 1962-ல் பிரிகாமில், உறவே இல்லாத, இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் இந்த மருந்தின் தயவில் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தது. அடுத்த வருஷமே டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல், இதோடு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து வெற்றி கண்டார். பலன் கூடியது. கூடவே முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது.

இங்கேதான் கதைக்குள் மண் வருகிறது. நிஜ மண்! ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து கம்பெனி ஊழியர்கள், லீவில் ஊர் சுற்றப் போனால் அந்த ஊர் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் புது ஆன்டிபயாடிக் கிடைக்குமா என்று தேடத்தான். அப்படி நார்வேயிலிருந்து வந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை தந்ததுதான் சைக்ளோஸ்போரின். காவல்காரனை அது கொல்லவில்லை, கையை மட்டும் கட்டிப்போட்டது. 1972-ல் இந்தக் குணம் தெரியவந்தது.

1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் இதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தச் சிறுநீரகத்தை மருந்தே கெடுத்தது! சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வந்தது. வேறு யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்கள் போடவில்லை. ஸ்டார்ஸ்ல் அளவைக் குறைத்து, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தார். 1983-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் ஒரு வருஷம் தாண்டுவது, சுமார் பாதிப் பேருக்கு என்றிருந்தது போய் நூற்றுக்கு 80 பேருக்கு என்றானது.

ஆபரேஷன் சமயத்தில் போடும் ஊசிகளின் கதையும் இதேதான். 1986-ல் வந்த ஓகேடி3, முதல் டோஸிலேயே கடும் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுத்தது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அதை இன்று யாரும் போடுவதில்லை. 1998-ல் வந்த பாசிலிக்சிமாப் கொஞ்சம் சாது. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், நான்காம் நாள் இன்னொன்று. 2007-ல் வெளியான சிம்ஃபனி ஆய்வில் 1,645 பேர் கலந்துகொண்டார்கள். குறைந்த அளவு டாக்ரோலிமஸ் பெற்றவர்களின் சிறுநீரகம்தான் மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தது.

ஆக, இந்தச் சரித்திரத்தின் பாதி புது மருந்தைத் தேடியது. மீதிப் பாதி, எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று தேடியது.

உங்கள் வீட்டில் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒருவர் இருந்தால், 'எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பாங்க?' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு பம்பளிமாஸ் பழம்கூட அந்த அளவை ஏற்றிவிடும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து.

காவல்காரன் செத்தாலும் கஷ்டம், விழித்துக்கொண்டாலும் கஷ்டம். கடைசிவரை அவன் அரைத்தூக்கத்திலேயே இருக்கவேண்டும்!