ஈயப் பூச்சிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை: தாம்பரம் வட்டாரத்து வீட்டுப் பொருள்களின் வரலாறு

சென்னையின் தெற்கே பரங்கிமலையில் தொடங்கி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாக வண்டலூர் நோக்கி நீளும் பகுதி, 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், நகரத்தில் வேலையும் புறநகரில் வீடுமாக வாழும் நடுத்தரக் குடும்பங்களின் இருப்பிடமாகப் படிப்படியாக மாறியது. மாதச் சம்பளத்தை நம்பி நடந்த இவ்வீடுகளில், பழுதான பொருளைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளைச் சிக்கனம், ஊதாரித்தனம் என்ற மனித குணங்களைக் கொண்டு விளக்குவதே வழக்கம்; ஆனால் பொருள் எதனால் ஆனது, அதைப் பழுதுபார்க்கும் கை தெருவில் கிடைத்ததா, பழையதற்கு யார் என்ன விலை வைத்தார்கள் என்பவையே குடும்பங்களின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்தன என்பதை இப்பகுதியின் ஒரு நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

பித்தளையும் செம்பும் சமையலறையை ஆண்ட காலத்தில் பழுதுபார்த்தல் விருப்பத்தைப் பொறுத்த செயலாக இல்லை. உயிருக்கே அது தேவைப்பட்டது. புளி சேர்ந்த குழம்போ ரசமோ பித்தளையில் நின்றால், உலோகம் அமிலத்தோடு வினைபுரிந்து களிம்பு எனப்படும் நச்சுப் படிவு உண்டாகும் என்பதால், பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயத்தை மெல்லிய படலமாக ஏற்றும் ஈயப் பூச்சு இன்றியமையாததாயிற்று. தெருவோரத்தில் குழி தோண்டிக் கரியிட்டு, துருத்தியால் காற்றூதி நெருப்பு வளர்த்த ஈயம் பூசுபவர், முதலில் பாத்திரத்தைத் தேய்த்து அழுக்கை நீக்குவார். சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரம் என்னும் உப்பைத் தூவியதும் வெண்புகை எழுந்து, உலோகப் பரப்பில் படிந்திருந்த ஆக்சைடு அகலும். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் வெள்ளீயத்தை அந்த நொடியில் தடவித் துணியால் சுழற்றித் தேய்க்க, உட்புறம் முழுவதும் வெண்மையாக மின்னும். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத்திட்டாக நிற்கும், மிகுந்தால் பூச்சு கருகும் என்பதால், இதைக் கூலிவேலை என்று ஒதுக்கிவிட முடியாது. நெருப்பின் நிறத்தையும் புகையின் அளவையும் கண்ணால் அளந்து செய்த நுட்பமான தொழில் அது. பூச்சு தேய்ந்தபோதெல்லாம் மீண்டும் பூசப்பட்டு, விளிம்பில் பெயர் வெட்டிய சீர்வரிசைப் பாத்திரங்கள் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. இனிப் பயன்படாது என்றானபோதும் அவை குப்பைக்குப் போகவில்லை. பாத்திரக் கடையில் எடைபோட்டு, சேதாரம் கழித்து, புதுப் பாத்திரத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பழையதன் மதிப்பைத் தராசு சொன்னது. வீட்டாரும் கடைக்காரரும் ஒரே முள்ளைப் பார்த்தார்கள்.

இந்த ஒழுங்கைக் குலைத்த முதல் உலோகம் மதராஸில், ஓர் அரசுப் பட்டறையில்தான் பாத்திரமாக உருப்பெற்றது. அரசுக் கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கினார். 1900இல் அத்தொழிலுக்கென இந்தியன் அலுமினியம் கம்பெனி இதே நகரில் தோன்றியது. அலுமினியம் எடை குறைந்தது, ஈயப் பூச்சை வேண்டாதது. ஆயினும், காற்றுப் பட்டவுடன் அதன் மேல் படரும் உறுதியான ஆக்சைடுப் படலத்தின் காரணமாக, பித்தளையை எளிதில் பற்றவைக்கும் தெருப் பட்டறையின் முறை அதனிடம் பலிக்கவில்லை. நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். ஓட்டை விழுந்தால் எடைக்குப் போடுவதே பெரும்பாலும் வழி. பழுதுபார்ப்பவரைத் தேவையற்றவராக்கிய பொருள் சமையலறைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அதே சாட்டர்டனின் இன்னொரு முயற்சி இப்பகுதியின் ஓர் ஊர்ப் பெயரிலேயே தடம் பதித்திருக்கிறது. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோல் சால், ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலினால் செய்யப்பட்டதால் நீரில் ஊறி விரைவில் நைந்தது. குரோமியம் உப்புகளால் பதனிட்ட தோல் அதைவிட நெடுநாள் உழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் நடத்திய இந்தச் சோதனைகள் வெற்றிபெற்றபோதும், அரசு தொழில் நடத்துவதைத் தனியார் வணிகர்கள் எதிர்த்ததையும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சராயிருந்த மார்லி பிரபு 1910இல் அதற்கு இசைவு மறுத்ததையும் அடுத்து அரசு இத்தொழிலிலிருந்து விலகியது. பின்னர் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால் குரோம்பேட்டை உருவாயிற்று. புதியதெல்லாம் வீண் செலவு என்று கருதுவோர் இந்தத் தோல் சாலை நினைவில் கொள்ள வேண்டும். பழுதையே குறைக்கும் புதுமையும் உண்டு.

பின்வந்த பல பத்தாண்டுகளில் தெருவே பட்டறையாக இருந்தது. அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சிற்றுளியால் கொத்திச் சொரசொரப்பாக்குபவர், பம்பு ஸ்டவ்வுக்குத் தோல் வாஷர் போட்டுத் திரி ஸ்டவ்வுக்குத் திரி மாற்றுபவர், குடைக்குக் கம்பி கட்டுபவர் எனப் பலரும் கூவிக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவரும், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவரும் வந்தார்கள். ஈயம் பூசுபவரின் பிழைப்பைப் பெரிதும் பறித்தது எவர்சில்வர்தான்; களிம்பேறாத அந்த எஃகு, பெண்களின் நெடுநாள் உழைப்பையும் அச்சத்தையும் ஒருசேரக் குறைத்ததால், அதன் வரவைக் குறைசொல்ல இடமில்லை. தண்ணீர் லாரியின் பின்னே ஓட வேண்டிய புறநகர்த் தெருக்களில் பித்தளைக் குடத்தை வென்ற பிளாஸ்டிக் குடத்துக்கும் ஒரு வைத்தியர் கிடைத்தார். விரிசலைச் சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டிக்கொடுத்தார். புதிய பொருள் வரும்போதெல்லாம் அதற்கேற்ற கைவேலையும் சில ஆண்டுகளில் தானே முளைத்தது.

மின்சாரப் பொருள்கள் முதலில் இந்த மரபைத் தொடரவே செய்தன. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் பூட்டியது. ஆயினும் கல் தேய்ந்தால் அதையும் கொத்தவே வேண்டியிருந்தது. எரிந்துபோன மின்விசிறியில் பழைய செப்புக் கம்பியை நீக்கி, பூச்சிட்ட புதுக் கம்பியைச் சுற்றெண்ணிக்கை மாறாமல் சுற்றும் வேலையை, அதாவது காயில் கட்டுதலை, கடைவீதியின் சிறு கடைகள் செய்தன. திசை மாறிய இடம் பிரஷர் குக்கர். 1959 முதல் இந்தியாவில் பரவிய அப்பாத்திரத்தின் ரப்பர் கேஸ்கட்டும் வெயிட்டும் ஒரு நிறுவனத்துடையது மற்றொன்றுக்குப் பொருந்தாதபடி அமைந்ததால், தெருவில் வருபவரைவிட நிறுவனத்தின் உதிரிபாகக் கடையையே வீட்டார் நாட நேர்ந்தது. தொடர்ந்து வந்த எக்ஸ்சேஞ்ச் திட்டங்கள் பழைய குக்கருக்குக் கழிவு தந்தன. ஆனால் தராசு சொன்ன விலை மறைந்து, விற்பவர் சொன்ன தொகையே பழையதன் மதிப்பாயிற்று. இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே.

வாங்கிய பொருள்களோடு அரசு கொடுத்த பொருள்களும் வீடுகளில் சேர்ந்தன. 2006இல் அறிவிக்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும், இப்பொருள்களை முதன்முறையாகக் கண்ட வீடுகளுக்குப் பெரும் விடுதலையாக அமைந்தன.

பொருள்கள் பெருகப் பெருக, அவை போய்ச் சேரும் இடமாகவும் திரும்பி எழும் இடமாகவும் விளங்கியது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஆங்கிலேயர் காலப் படைமுகாமான பாளையத்தை ஒட்டி, கால்நடைச் சந்தையாகத் தொடங்கியதாகக் கூறப்படும் இது, பழைய டிரங்க் சாலையில் வாரந்தோறும் கூடுகிறது. செடிகளும் காய்கறிகளும் ஒருபுறம் இருக்க, பழைய தையல் மெஷின், கதவு, தண்ணீர்க் குழாய், மிக்சி ஜார், ரிமோட், கணினி விசைப்பலகை ஆகியவை தரையில் விரித்த தார்ப்பாய்களில் குவிந்து கிடக்கும். 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் நகரத்துக்குச் செய்த பணியை, தென்புறநகருக்கு இச்சந்தை செய்துவருகிறது எனலாம். நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு மாதிரிக்கு உதிரிபாகம் தேடும் மெக்கானிக், ஓடாத இயந்திரத்தை அதன் ஒரு நல்ல உறுப்புக்காகவே வாங்குகிறார். ஒன்றின் சாவு மற்றொன்றின் ஆயுளாகிறது.

2015 டிசம்பர் வெள்ளம், சரிசெய்வதா புதியது வாங்குவதா என்ற கேள்வியை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நாளில் எழுப்பியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாக, அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் தரைத்தளங்களை மூழ்கடித்தது. நீர் வடிந்த பின் தேக்கு நாற்காலியையும் இரும்புப் பீரோவையும் கழுவி உலர்த்திப் பயன்படுத்த முடிந்தது; மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் ஊதி உதிர்ந்தன. பழைய மாதிரி மோட்டார்களை உலர்த்தி மீட்க முடிந்த அளவுக்கு, மின்னணுப் பலகை கொண்ட சலவை இயந்திரங்களை மீட்க முடியவில்லை. புதிய வகைப் பொருளே விரைவில் கைவிடப்பட்டது என்பது அந்நாட்களின் கசப்பான பாடம்.

இன்று முடிவெடுத்தல் இன்னும் சிக்கலாகியுள்ளது. ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்கு மீண்டும் காயில் கட்டுவதைவிட, மின்னணுப் பலகையின் உதவியால் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. வகையை வாங்குவது மின்கட்டணத்தில் ஆதாயமே. ஆனால் அதன் மின்னணுப் பலகை பழுதானால், அதே பலகை கிடைக்காதவரை தெருக்கோடிக் கடைக்காரரால் ஒன்றும் செய்ய இயலாது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத் தளத்தைத் தொடங்கி, வீட்டு உபயோகப் பொருள்களையும் அதில் சேர்த்தது; எனினும் தகவல் தருவது வேறு, உதிரிபாகத்தை விற்றே தீர வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது வேறு. அத்தகைய சட்டம் வர வேண்டும். அதுவரை, ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சி, தன் கடைவீதிகளையும் வணிக வளாகங்களையும் சீரமைக்கும்போது, காயில் கட்டுபவருக்கும் கல் கொத்துபவருக்கும் ஸ்டவ் பழுதுபார்ப்பவருக்கும் குறைந்த வாடகையில் இடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் ஒருமுறை தெருவைவிட்டுப் போய்விட்டால், பழையதைக் காப்பாற்ற விரும்பும் குடும்பத்துக்கும் புதியதை வாங்குவதைத் தவிர வேறு வழி இராது.