1923: கம்பியில்லாத் தந்தி கண்ட பூகம்பம்

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பகல் 12 மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் வீடுதோறும் மதிய உணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளையில், பூமி நடுங்கியது. அடுப்பு நெருப்பு மர வீடுகளைப் பற்றிப் பரவி லட்சம் பேருக்கு மேல் மாண்ட கதையை உலகம் அறியும். அக்கதை உலகின் செவிக்கு எட்டிய விதத்தை அறிந்தவர் அதிகமில்லை.

டோக்கியோ மத்தியத் தந்தி நிலையம் சாம்பலாயிற்று. டெலிபோன் நிலையங்கள் பலவற்றுக்கும் அதே கதி. கம்பிகள் அறுந்துபோக, தலைநகரம் தன் சொந்த தேசத்தோடு பேசவும் வகையற்று நின்றது. யோகோஹாமாத் துறைமுகத்தில் இருந்த கொரியா மாரு என்ற பயணிக் கப்பலுக்கோ, ஆட்டம் கண்ட தரையும் இல்லை, மின்சாரத்துக்கு ஊரை எதிர்பார்க்கும் அவசியமும் இல்லை. அந்தக் கப்பலின் கம்பியில்லாத் தந்திக் கருவியிலிருந்து புறப்பட்ட சமிக்ஞைகளை, வடக்கே புகுஷிமா மாகாணத்துக் கடற்கரைச் சிற்றூரான டோமியோகாவில், செவிக்குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலையத்தார் பற்றிக்கொண்டனர். அனுப்பும் கருவியின் முழக்கம் கேட்கும் கருவியைச் செவிடாக்கிவிடும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு ஊர்களில் வைப்பது அக்கால வழக்கம். ஆகவே டோமியோகாவில் கேட்ட செய்தி, அனுப்பும் கருவி இருந்த ஹரானோமாச்சியில் சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியிருந்த கான்கிரீட் கம்பத்தின் வழியே, சுருங்கிய ஆங்கில வாசகமாகப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தது. கம்பத்தின் உறுதியைப் புகழ்வோர் உண்டு. நான் புகழ்வது அது நின்ற தூரத்தை. எரிந்த நகரத்தின் நடுவே அதே கம்பம் நின்றிருந்தால், அதைத் தாங்கிய கான்கிரீட் அசையாதிருந்தும், மின்சாரமும் ஆளும் இன்றி அது ஊமையாகவே நின்றிருக்கும்.

ஆயினும், நிலைகுலையாமல் நின்ற நிலையம் அனைத்தும் நன்மையே செய்தது என்று எழுத என் பேனா கூசுகிறது. டோக்கியோவுக்குக் கிழக்கே ஃபுனாபாஷியில் கடற்படையின் கம்பியில்லாத் தந்தி நிலையம் இருந்தது. அதற்கும் பெருஞ்சேதமில்லை. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்ற ஆதாரமற்ற வதந்தி வாய்வழியாகப் பரவி, தெருக்களில் கொலைகள் தொடங்கிவிட்டிருந்த நிலையில், 3-ஆம் தேதி காலை உள்துறை அமைச்சகம் அதே வதந்தியை உண்மைபோல் எழுதி, மாகாணத் தலைவர்களுக்கு அந்த நிலையத்தின் மூலமாகவே அனுப்பிற்று. பல ஆயிரம் கொரியர்கள் மடிந்தனர் என்பர் ஆராய்ச்சியாளர். குறையற்ற ஒரு கருவி, தன்னிடம் தரப்பட்டதை ஓர் எழுத்தும் பிசகாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

கம்பியில்லாமல் செய்தி செல்லும் அதே வழியில், 1925 மார்ச் 22-ஆம் தேதி டோக்கியோவில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பூகம்பம் நிகழ்ந்து அப்போது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை.