மூர்த்தி, தலம், தீர்த்தம்: கிண்டியும் வெளிச்சேரியும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே வழிபாடு நிறைவெய்தும் என்பது நம் முன்னோர் துணிபு. திருக்குட நன்னீராட்டு மலரில் மூர்த்தியின் பெருமையைப் பேசுவார் பலராவர். ஆகலின், யான் தலத்தையும் தீர்த்தத்தையும் குறித்துச் சில கூற விழைகின்றேன். அதற்குச் சான்றாகக் கிண்டியையும் அதன் அயலூராகிய வேளச்சேரியையும் எடுத்துக்கொள்வேன்.

கிண்டி என்றவுடன், 1958-ல் தோன்றிய தொழிற்பேட்டையும் ஓயாத ஊர்திப் பெருக்குமே இன்று பலர் நினைவிற்கு வரும். ஆயினும், அடையாற்றின் தென்பால் ஏரியும் வயலும் காடும் சூழக் கிடந்த சிற்றூர்களே இவை. நகரம் பரந்து வந்து இவற்றை விழுங்கிற்று. விழுங்கியும் செரியாது எஞ்சியவை சில உள. அவற்றை ஒரு பகற்பொழுதில் அன்பர்கள் கண்டு திரும்பலாம்.

முதற்கண் காணத்தக்கது கிண்டிக் காடு. இக்காட்டின் நடுவே இருந்த மாளிகையொன்றை 1821-ல் சென்னை அரசு விலைக்கு வாங்கி, ஆளுநரின் ஊர்ப்புற உறைவிடமாக்கிற்று. ஆளுநர் இன்றும் அவ்விடத்திலேயே உறைகின்றார். அரசின் காவலுக்குள் அமைந்தமையாலேயே காடு கோடரிக்குத் தப்பிற்று. எனினும், 1956-ல் அமைந்த காந்தி மண்டபத்திற்கும், 1959-ல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் இதன் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எஞ்சியதில் ஏறத்தாழ 270 ஹெக்டேர் நிலம் 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெருநகரொன்றின் நடுவே இத்தகைய காடு நிலைத்திருத்தல் அரிதினும் அரிது.

இது வானளாவிய மரங்கள் செறிந்த மலைக்காடு அன்று. கடற்கரையை அடுத்த வறண்ட நிலத்தில் என்றும் பசுமை மாறாது நிற்கும் குறுங்காடு. ஆலும் வேம்பும் நாவலும் பனையும் களாப்புதரும் இதன்கண் உள. முறுக்கிய கொம்புடைய வெளிமானும், புள்ளிமானும், நரியும் இங்கு வாழ்கின்றன. மறியைக் கரத்தில் ஏந்திய பெருமானை நாள்தோறும் வணங்கும் நாம், அம்மான் மேயும் புல்வெளியையும் ஒருமுறை கண்டு வருதல் வேண்டுமன்றோ?

காட்டிற்குத் தென்மேற்கே எழுந்து நிற்பது பரங்கிமலை. கிறித்தவ அன்பர்கள் தோமையாரின் நினைவிடமாகப் போற்றுவது அது. அம்மலையடியை ஒரு முனையாகக் கொண்டே, 1802 ஏப்பிரல் திங்கள் 10-ஆம் நாள் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் இந்திய நில அளவைப் பெரும்பணிக்கு அடிக்கோடு வகுக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் தொலைவு தெற்கு நோக்கி அளந்தார். அத்தொலைவிற்குத் தடையின்றிச் சங்கிலி இட இயன்றதெனில், இந்நிலம் அக்காலத்து எத்தகைய வெளியாகக் கிடந்தது என்பதை உய்த்துணரலாம்.

இனி வேளச்சேரிக்கு வருவோம். கல்வெட்டுக்களில் இவ்வூர் வெளிச்சேரி என வழங்கப்பெறும். இங்குக் கருணாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் தண்டீசுவரர், இயமன் தான் இழந்த தண்டத்தை மீளப்பெற வழிபட்ட இறைவர் என்பது தலவரலாறு. கோயிற் சுவர்களில் பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உள. ஊரை நடத்திய சபையார் இருந்தமையை அவை காட்டும். கிண்டியிலிருந்து சிறிது நேரத்தில் சென்றடையத்தக்க இக்கோயிலின் கற்களில் ஓராயிரம் ஆண்டு வரலாறு உறைந்து கிடப்பதைப் பலரும் நோக்காது வலம் வருகின்றனர்.

சபை நடத்திய ஊர்களில் நீர்நிலையைக் காத்தல் எத்துணைப் பெருங்கடனாகக் கருதப்பட்டது என்பதை உத்தரமேரூர்க் கல்வெட்டால் அறியலாம். முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 921-ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, ஏரி வாரியம் என்ற குழுவினைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றது. ஏரியைப் பேணுதல் ஒருவர் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று; ஊர் முறைசெய்து ஒப்படைத்த பொறுப்பு.

வெளிச்சேரி ஏரியின் இன்றைய நிலையோ வேறு. கரையைத் தூர்த்து மனைகளும் வீதிகளும் எழுந்தமையால், ஏரி பெரிதும் சுருங்கிற்று. இதன் மிகுநீரை ஏற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குன்றிற்று. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் இவ்வூர் நீரில் மிதந்தது. நீர் வஞ்சம் செய்ததன்று. தான் பண்டு தங்கிய இடத்தைத் தேடி வந்தது. எஞ்சிய சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகளாவிய சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டமை ஆறுதல் தருவதாகும்.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. குடமுழுக்கிற்குக் கங்கையினின்றும் காவிரியினின்றும் நீர் கொணர்ந்து, வேள்விச்சாலையில் வைத்துப் பூசித்து, விமானத்தின் முடியில் சொரிகின்றோம். அந்நீரின் ஒரு துளி தலையிற் படாதா என ஏங்கி நிற்கின்றோம். அதே வேளையில், நம் ஊர் ஏரியில் குப்பையைக் கொட்டுவாரைக் கண்டும் வாளாவிருக்கின்றோம். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவன் திருமேனி என்பது சைவ நூற்றுணிபு. அவ்வாறாயின், ஏரியைத் தூர்த்தலும் காட்டை அழித்தலும் யார் திருமேனிக்கு இழைக்கும் ஊறு என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

ஆதலின், திருப்பணி செய்வார்க்கு ஒரு விண்ணப்பம். கல்வெட்டுள்ள சுவரின்மேல் சுண்ணமும் வண்ணமும் பூசற்க. மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்க்கற்க. தேய்ந்த எழுத்தை மீண்டும் பொறிக்க வல்லார் எவருமிலர். திருக்குளத்திற்கு நீர் வரும் கால்வாயைத் தேடிக் கண்டு திறந்து விடுக. தலமரம் பட்டுப்போயின் அவ்வினத்துக் கன்றையே நடுக. ஏரி வாரியம் இன்றில்லை. ஆயினும் ஏரி உள்ளது, ஊரார் உள்ளனர். குடமுழுக்கின் பயன் கலசத்தோடு நின்றுவிடாது, குளத்திற்கும் கானத்திற்கும் சென்று சேருமாறு தண்டீசப் பெருமான் நமக்குத் திருவருள் புரிவாராக!